தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது எப்படி? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

"ஆண்டவருடைய சித்தத்துக்கு உங்களை ஒப்புக்கொடுங்கள்" என்று புதிதாக விசுவாசத்துக்குள் வருகிற எல்லோருக்கும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால், "எல்லாவற்றையும் அவர் கையில் விட்டுவிடுங்கள்" என்று அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். கேட்டவரும் ஆராதனை முடிவில் கண்ணீரோடு ஜெபித்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். மறுநாள் காலை மேலதிகாரியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்ததும் வயிற்றைப் பிசைகிறது. நேற்றுச் செய்தது வெறும் உணர்ச்சிதானோ என்ற குழப்பம் வந்துவிடுகிறது.

நேற்றைய ஜெபம் பொய்யில்லை. ஆனால் "எல்லாம்" என்று சொல்லும்போது குறிப்பாக எதையும் கொடுத்திருக்க மாட்டோம். ஒப்புக்கொடுத்தல் ஒவ்வொரு காரியமாகத்தான் நடக்கும். அதுவும் பெரும்பாலும், நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்தான் தொடங்கும். கீழே உள்ள படிகளை ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை. வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்; வசன எண்களைக் கொடுத்திருக்கிறேன், திறந்து சரிபாருங்கள்.

முதலில், தெரிந்த சித்தம் எது, தெரியாத சித்தம் எது?

"தேவ சித்தம்" என்றதும் நம் மனம் எந்த வேலை, யாரோடு திருமணம், எந்த ஊர் என்றுதான் ஓடும். வேதாகமம் அந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துகிறது என்று பாருங்கள். நாம் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது தேவனுடைய சித்தம் (1 தெசலோனிக்கேயர் 4:3). எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது அவருடைய சித்தம் (5:18). நன்மை செய்து, அறியாமல் பேசுகிறவர்களின் வாயை அடக்குவது அவருடைய சித்தம் (1 பேதுரு 2:15). நியாயம் செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, மனத்தாழ்மையாய் நடப்பதைத்தான் கர்த்தர் கேட்கிறார் என்கிறது மீகா 6:8. இவற்றில் எதையும் கண்டுபிடிக்க உபவாசம் இருக்க வேண்டியதில்லை. எழுதியே இருக்கிறது.

மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று உபாகமம் 29:29 இரண்டையும் பிரித்து வைக்கிறது. நாம் செய்வதோ தலைகீழ். மறைவானதைத் துருவித் துருவித் தேடுகிறோம். வெளிப்படையாக இருப்பதைத் தள்ளிப்போடுகிறோம். "ஆண்டவர் என்னை எங்கே அழைக்கிறார் என்று தெரியவில்லை" என்று மாதக்கணக்கில் ஜெபிக்கிற ஒருவர், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமலும், கூடப்பிறந்தவரோடு பேசாமலும் இருக்கலாம். அந்த இரண்டு காரியத்திலும் தேவ சித்தம் அவருக்கு நன்றாகவே தெரியும். தேடல் சில நேரம் பக்தியின் உருவத்தில் வரும் தள்ளிப்போடுதல். கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் மற்ற படிகளுக்குப் போவதில் பயனில்லை.

ஒரே ஒரு காரியத்தை எடுத்து எழுதுங்கள்

ஒரு தாளும் பேனாவும் போதும். எந்தக் காரியம் என்று தெரியாவிட்டால் மூன்று இடங்களில் தேடுங்கள். படுத்த பிறகு தூக்கம் வராமல் மனம் எதைச் சுற்றி வருகிறது? யாராவது எந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் குரல் உயர்கிறது? ஜெபத்தில் எதை மட்டும் லாவகமாகத் தாண்டிப் போகிறீர்கள்? மூன்றாவதுதான் பெரும்பாலும் சரியான இடம்.

எழுதும்போது பொதுவாக எழுத வேண்டாம். "என் எதிர்காலம்" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "நேர்காணல் முடிந்து பதில் வரவில்லை, கிடைக்காவிட்டால் வீட்டில் எப்படிச் சொல்வேன் என்று பயமாக இருக்கிறது" என்று எழுதுங்கள். இந்த வாக்கியத்தில் இரண்டு காரியங்கள் இருப்பது எழுதிய பிறகுதான் தெரியும். வேலை ஒன்று, வீட்டாரின் மதிப்பு இன்னொன்று. பல நேரம் இரண்டாவதுதான் கையை விட்டு வராது.

உங்கள் ஆசையை மறைக்காமல் சொல்லுங்கள்

புதிய விசுவாசிகள் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். "உமது சித்தம் ஆகட்டும்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பக்தியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த இயேசு அப்படித் தொடங்கவில்லை. மத்தேயு 26ஆம் அதிகாரத்தை 36ஆம் வசனத்திலிருந்து மெதுவாகப் படியுங்கள்.

முதல் ஜெபம் 39ஆம் வசனத்தில் இருக்கிறது: "என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." பாத்திரம் என்பது அவர் அனுபவிக்கப்போகிற பாடு. தமக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்கிறார். தமக்கென்று ஒரு விருப்பம் இருப்பதை மறைக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. எழுந்து சீஷர்களிடம் வருகிறார், அவர்கள் தூங்குகிறார்கள். மறுபடியும் போய் ஜெபிக்கிறார். 42ஆம் வசனத்தில் ஜெபம் மாறியிருக்கிறது: "இந்தப் பாத்திரத்தில் நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது."

முதல் ஜெபம் "நீங்கக்கூடுமானால்" என்று கேட்கிறது. இரண்டாவது "நீங்கக்கூடாதாகில்" என்று ஏற்கிறது. "நீங்கும்படி செய்யும்" என்ற வேண்டுதல் இரண்டாவதில் இல்லை. மூன்றாவது முறையும் போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்கிறது 44ஆம் வசனம். தேவகுமாரனுக்கே ஒரே மூச்சில் முடியாத காரியம் இது. அந்த இரவில் அவர் முகங்குப்புற விழுந்து கிடந்தார். தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று நண்பர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். ஆகவே உங்களுக்கு மூன்று முறை அல்ல, முப்பது முறை ஆனாலும் அதில் தோல்வி ஒன்றுமில்லை.

மரியாளும் கேள்வி கேட்ட பிறகுதான் சம்மதித்தாள். "இது எப்படியாகும்?" என்பது லூக்கா 1:34. "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை" என்பது 38.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தாளில் எழுதிய காரியத்தைப் பற்றி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சாதாரணப் பேச்சுத் தமிழில் சத்தமாகச் சொல்லுங்கள். "இந்த வேலை எனக்கு வேணும் ஆண்டவரே, ரொம்ப வேணும்" என்றால் போதும். அதன் பிறகு, "ஆகிலும்" என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்க்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பொய்யாகச் சேர்க்காதீர்கள். "'ஆகிலும்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மனதைத் தாரும்" என்பதும் ஜெபம்தான். அன்றைக்கு அதோடு எழுந்துவிடலாம்.

உங்கள் பங்கு, அவருடைய பங்கு

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் நீங்கள் செய்யக்கூடியவை, மறு பக்கம் உங்களால் எந்த வகையிலும் தீர்மானிக்க முடியாதவை. ஒப்புக்கொடுப்பது மறு பக்கத்தைத்தான். முதல் பக்கத்தைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கக் கூடாது.

எருசலேம் அலங்கத்தை (நகரத்தின் மதிலை) நெகேமியாவும் மக்களும் கட்டும்போது எதிரிகள் மிரட்டினார்கள். நெகேமியா 4:9 என்ன சொல்கிறது? ஜெபம் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஒரே வசனத்தில் இரண்டும். எசேக்கியா ராஜா வியாதியில் அழுது ஜெபித்து, பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுப்பேன் என்ற வாக்கையும் பெற்றான். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). மாத்திரையை நிறுத்திவிட்டு "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று இருப்பவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது ஒப்புக்கொடுத்தல் ஆகாது.

வேலை உதாரணத்தில், விண்ணப்பத்தைச் சரியாக எழுதுவது, நேர்காணலுக்குத் தயாராவது, பொய் அனுபவம் காட்டாமல் இருப்பது, பதில் வராவிட்டால் ஒரு முறை மரியாதையாக விசாரிப்பது எல்லாம் உங்கள் பக்கம். எடுப்பதும் எடுக்காததும், வேறொருவர் உங்களைவிடத் தகுதியோடு வருவதும், உறவினர் என்ன பேசுவார்கள் என்பதும் மறு பக்கம். மறு பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, பெயர் சொல்லி ஆண்டவரிடம் கொடுங்கள். "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று 1 பேதுரு 5:7 சொல்கிறதே, அதைச் செய்யும் முறை இதுதான். அந்த வசனத்தின் மற்றப் பாதியை மறக்க வேண்டாம்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்." நம்மை விசாரிக்கிற ஒருவரிடம் கொடுக்கிறோம் என்ற நிச்சயம் இல்லையென்றால் இது வெறும் விதியை நொந்துகொள்வதாகப் போய்விடும்.

இன்றே ஒரு கீழ்ப்படிதல்

முதல் பக்கத்திலிருந்து இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றை எடுங்கள். சிறியதாக இருக்கட்டும்: ஒரு மன்னிப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு, திருத்த வேண்டிய ஒரு கணக்கு. தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் அறிந்துகொள்வான் என்று இயேசு சொன்னார் (யோவான் 7:17). செய்யும் மனம் முன்னால் வருகிறது, தெளிவு பின்னால் வருகிறது. நாமோ தெளிவு வந்தால் செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டு நல்ல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால்

தெரியாத சித்தத்துக்கு இப்போது வருவோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1836இல் அநாதைப் பிள்ளைகளுக்காக இல்லம் தொடங்கி, 1898இல் இறக்கும்வரை ஊழியம் செய்த ஜார்ஜ் முல்லர், தாம் முடிவெடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். முதலில், அந்தக் காரியத்தில் தமக்கென்று ஒரு சித்தம் இல்லாத நிலைக்கு இருதயத்தைக் கொண்டுவருவார். வெறும் உணர்வை நம்ப மாட்டார். ஆவியானவருடைய நடத்துதலை வேத வசனத்தோடு சேர்த்தே தேடுவார். சூழ்நிலைகளைக் கவனிப்பார். ஜெபிப்பார். பிறகு நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, மீண்டும் இரண்டு மூன்று முறை ஜெபித்தும் மனசமாதானம் நிலைத்தால் முன்னே போவார்.

நல்ல முறை. அதன் முதல் படியை மட்டும் புதியவர்களுக்கு அப்படியே சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. விருப்பமே இல்லாத மனதை வரவழைக்க முயன்று களைத்துப்போகிறவர்கள் அதிகம். கெத்செமனேயில் விருப்பம் இருந்தது. அது பிதாவின் சித்தத்துக்குக் கீழே வைக்கப்பட்டது. எது நடந்தாலும் ஏற்க மனம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையாக "ஆம்" சொல்ல முடிந்தால் போதும்.

சூழ்நிலையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. "கதவு திறந்தது, அதனால் தேவ சித்தம்" என்ற பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். யோனா தேவனைவிட்டு ஓடியபோது யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராகவே நின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது (யோனா 1:3). தாவீது ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே, அவனைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் தனியாக வந்தான். "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்" என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சூழ்நிலையும் நண்பர்களும் ஒத்துப்போன பிறகும், கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன்மேல் கைபோடக் கூடாது என்று தாவீது நின்றுவிட்டான் (1 சாமுவேல் 24). தெளிவான கட்டளைக்கு எதிராக எந்தக் கதவு திறந்தாலும் அது உங்களுக்கான கதவு இல்லை.

அதே போல, கதவு மூடினால் உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க நினைத்தார், ஆவியானவர் தடைசெய்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் இடமில்லை. துரோவாவில்தான் மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம் கிடைத்தது (அப்போஸ்தலர் 16:6-10). சரியான வழி திறந்து பிலிப்பிக்குப் போனவருக்கு அங்கே கிடைத்தது அடியும் சிறையும். வழியில் துன்பம் வந்ததாலேயே தவறான வழியில் வந்துவிட்டோம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் விழும் வசனத்தை எடுத்துக்கொள்வதை விட்டுவிடுங்கள். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதன்மேல் பனி பெய்கிறதா என்று பார்த்து அடையாளம் கேட்ட கிதியோனைப் பின்பற்றுகிறவர்களும் நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை முழுக்கப் படிக்க வேண்டும். 14ஆம் வசனத்திலேயே தேவன் அவனுக்குக் கட்டளை கொடுத்தாயிற்று. 36ஆம் வசனத்தில், "நீர் சொன்னபடி" என்று அவனே சொல்கிறான். தோல் போட்டது சித்தத்தைக் கண்டுபிடிக்க அல்ல, தெரிந்த சித்தத்தை நம்ப முடியாததால். தேவன் பொறுமையாக இருந்தார், அது அவருடைய இரக்கம். நமக்கு அது முறையாகிவிடாது.

முதிர்ச்சியுள்ள இரண்டு பேரிடம் ஆலோசனை கேளுங்கள். அதில் ஒருவராவது உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.

யாருக்கு ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள்

இதைப் புதியவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். "நீ எனக்குக் கீழ்ப்படிவதுதான் தேவ சித்தம்" என்று ஒரு மனிதர், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், உங்கள் பணத்தையோ திருமணத்தையோ உடலையோ தீர்மானிக்க வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வீட்டில் அடிவாங்குகிறவரிடம் "பொறுத்துக்கொள், இதுதான் உன் சிலுவை" என்று சொல்வது தவறு. அவருக்குப் பாதுகாப்பான இடமும் சட்டத்தின் உதவியும் தேவை. கிறிஸ்துவுக்காகப் பாடுபட ஆயத்தமாயிருந்த பவுல், தன்னைச் சவுக்கால் அடிக்கப் போனபோது ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லித் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார் (25:11). உரிமையைக் கேட்பது ஒப்புக்கொடுத்தலுக்கு எதிரானது என்று அவர் நினைக்கவில்லை.

உணர்ச்சி மிகுந்த நேரத்தில் பொருத்தனை செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். "இதைத் தந்தால் அதைச் செய்வேன்" என்பது பேரம். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. அவசரமாக நேர்ந்துகொண்டதால் தன் ஒரே மகளை இழந்த யெப்தாவின் கதை (நியாயாதிபதிகள் 11) அவசரப் பொருத்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டுகிறது.

கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்

எடுத்துக்கொள்வீர்கள். காலையில் கொடுத்த கவலை மதியம் உங்கள் மடியில் இருக்கும். அந்த மின்னஞ்சல் பெட்டியை மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மனம் உடைய வேண்டாம், புதிதாக நீண்ட ஜெபமும் வேண்டாம். "இதை உம்மிடம் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள். இரவில் சில நிமிடம் எடுத்து, இன்று எந்த நேரத்தில் பிடியை இறுக்கினேன், எதற்கு முன்னால் அப்படி நடந்தது என்று பாருங்கள். சில நாள் பார்த்தாலே உங்கள் வழக்கம் தெரிந்துவிடும். யாரோ ஒருவரோடு பேசிய பிறகு, அல்லது தூக்கம் கெட்ட நாளில், என்று ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதைச் சரிசெய்வது உங்கள் பக்கத்து வேலை.

பதில் "இல்லை" என்று வந்தால்

பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). அந்த முள் என்னவென்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதனாலேயே ஒவ்வொருவரும் தங்கள் முள்ளை அந்த வசனத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

"இல்லை" வந்த நாளில் உடனே ஸ்தோத்திரம் சொல்லியாக வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் என்பது நடந்தது நன்றாக இருக்கிறது என்று நடிப்பதைக் குறிக்காது. நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் "எல்லாம் தேவ சித்தம்" என்று முதல் நாளே போய்ச் சொல்வது அவருடைய வாயை அடைப்பதற்குத்தான் உதவும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அந்த நாட்களில் படிக்க 13ஆம் சங்கீதத்தையும் 88ஆம் சங்கீதத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 13, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கிப் பாட்டில் முடியும். 88 இருளிலேயே முடியும். எது உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிறதோ அதைச் சத்தமாகப் படியுங்கள். தாளில் அடுத்த காரியத்தை எழுத அவசரம் ஒன்றுமில்லை.